பகட்டு நுகர்வு: ஊர் பார்க்க வாங்குவதன் கணக்கு

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "பொண்ணுக்கு எத்தனை பவுன் போட்டாங்க?" பெண் என்ன படித்திருக்கிறாள், மாப்பிள்ளை ஆள் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், சில பந்திகளில் அதுவும் வராது. இந்த ஒரு கேள்விக்குக் கூச்சமில்லாமல் சொல்லும்படியான ஓர் எண்ணைத் தயார் செய்வதற்காக ஒரு குடும்பம் செய்கிற செலவு இருக்கிறதே, அதைப் பொருளாதாரத்தில் பகட்டு நுகர்வு என்கிறார்கள். பொருளால் நமக்கு என்ன பயன் என்பதைவிட, அது நம்மிடம் இருப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் செலவு.

இதை முதலில் விரிவாக எழுதியவர் தோர்ஸ்டைன் வெப்ளன். 1857-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், நார்வேயிலிருந்து குடியேறிய ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1899-ல் இதைப் பற்றிப் புத்தகம் போட்ட காலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அவருடைய எரிச்சல் புரியும். ரயில், எஃகு, எண்ணெய் என்று புதுப்பணம் கொட்டிய காலம். அதே சமயம் 1893-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் லட்சக்கணக்கானவர்கள் வேலையிழந்து நின்ற காலமும்கூட. அந்த நிலைமையில் 1897 பிப்ரவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஹோட்டலில் பிராட்லி மார்ட்டின் தம்பதி ஒரு மாறுவேட விருந்து வைத்தார்கள். விருந்தினர்கள் ஐரோப்பிய ராஜா ராணி வேடத்தில், கல்லிழைத்த நகைகளோடு வந்தார்கள். தையற்காரருக்கும் பூக்காரருக்கும் வேலை கிடைக்கட்டும் என்றுதான் விருந்தே வைக்கிறோம் என்பது அந்தக் குடும்பம் சொன்ன நியாயம். (இந்த நியாயத்தை நம் ஊர் மண்டபங்களிலும் கேட்டிருப்பீர்கள்.) பத்திரிகைகளும் பாதிரியார்களும் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அந்தக் குடும்பம் கடைசியில் பிரிட்டனுக்கே குடிபோனது.

வெப்ளன் எடுத்துக்கொண்ட உதாரணம் மிகச் சின்னது, ஒரு கரண்டி. கையால் அடித்துச் செய்த வெள்ளிக் கரண்டி அன்றைக்குப் பத்து இருபது டாலர். மெஷினில் செய்த அலுமினியக் கரண்டி பத்து இருபது சென்ட். சூப் குடிக்க இரண்டும் ஒன்றுதான். நூறு மடங்கு விலை வித்தியாசம் எதற்கு என்றால், அந்த வித்தியாசம்தான் அங்கே பொருளே. வெள்ளிக் கரண்டி நாளைக்கே இருபது சென்ட்டுக்குக் கிடைத்தால், அதைக் கையில் எடுக்கும்போது வருகிற மிடுக்கு போய்விடும். விலை அதிகமாக இருப்பது சாதாரணப் பொருளுக்குக் குறை, பகட்டுப் பொருளுக்கு அதுவே குணம்.

அவர் கவனித்த இன்னொரு விஷயம் நமக்கு ரொம்பவே பொருந்தும். மனிதர்கள் உச்சியில் இருப்பவரைப் பார்த்து ஏங்கிச் செலவு செய்வதில்லை, தனக்கு நேர் மேலே ஒரு படியில் இருப்பவரைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். 2024-ல் அம்பானி வீட்டுக் கல்யாணத்தை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். பார்த்துவிட்டு யாரும் கடன் வாங்க ஓடவில்லை, கேலி பேசிவிட்டுத் தூங்கிவிட்டோம். ஆனால் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் கல்யாணத்தில் ட்ரோன் கேமரா பறந்துவிட்டால் அடுத்த கல்யாணத்தில் ட்ரோன் இல்லாமல் முடியாது. அண்ணன் நம்மைவிடக் கொஞ்சம்தான் மேலே, எட்டிப் பிடித்துவிடலாம் என்கிற தூரத்தில் இருக்கிறார். அந்தக் "கொஞ்சம்"தான் ஆபத்தான தூரம்.

சரி, எட்டிப் பிடித்துவிட்டால் போட்டி முடிந்துவிடுமா? இதற்கு 1976-ல் ஃபிரெட் ஹிர்ஷ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு படம் சொன்னார். கூட்டத்தில் நின்று ஊர்வலம் பார்க்கும்போது முன்வரிசைக்காரர் கால்விரல் நுனியில் எம்பி நின்றால் அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் எம்பி நின்றால் யாருக்கும் முன்பைவிட நன்றாகத் தெரியாது, கால் வலி மட்டும் எல்லோருக்கும் மிச்சம். சொந்தபந்தத்துக்குள் முப்பது பவுன் கௌரவமான எண்ணாக இருந்தது என்று வையுங்கள். ஒருவர் ஐம்பது போட்டார், அப்புறம் இன்னும் நாலு பேர் போட்டார்கள். இப்போது ஐம்பது என்பதே சாதாரணம், முப்பது என்பது "ஏன், கஷ்டமா?" என்று கேட்கப்படும் எண். யாருடைய இடமும் மாறவில்லை. எல்லா வீட்டிலும் இருபது பவுன் கூடுதலாகச் செலவானதுதான் மிச்சம்.

மனிதர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1998-ல் சொல்னிக், ஹெமன்வே என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். நீங்கள் வருடம் 50,000 டாலர் சம்பாதிக்கிறீர்கள், மற்றவர்கள் 25,000. அல்லது நீங்கள் 1,00,000 சம்பாதிக்கிறீர்கள், மற்றவர்கள் 2,00,000. பொருள்களின் விலையில் மாற்றமே இல்லை. எந்த உலகம் வேண்டும்? பதில் சொன்னவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முதல் உலகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், அதாவது பாதிச் சம்பளம் போனாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரரைவிட மேலே இருந்தால் போதும். அதே ஆட்களிடம் விடுமுறை நாட்களைப் பற்றி அதே மாதிரி கேட்டபோது பெரும்பாலானவர்கள் மற்றவர்களுக்கு எவ்வளவு என்று கவலைப்படவில்லை, தனக்கு அதிக நாள் கிடைத்தால் சரி என்றார்கள். ஓய்வு கண்ணுக்குத் தெரியாத பொருள், காட்டிக்கொள்ள முடியாது. அதனால் அதில் போட்டி குறைவு. இந்த இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என்ற பிரிவுதான் மீதிக் கதை முழுவதும்.

பக்கத்து வீட்டுக்காரரின் பணம் நம் செலவை மாற்றுமா என்பதைச் சோதிப்பது கஷ்டம், ஏனென்றால் ஒரே தெருவில் இருப்பவர்கள் பல விதத்தில் ஒரே மாதிரி ஆட்கள். அதனால் ஆய்வாளர்கள் லாட்டரியைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்துவிட்டதால் இளைஞர்களுக்கு அந்தக் காய்ச்சல் தெரியாது, ஆனால் பல நாடுகளில் இன்றும் நடக்கிறது. நெதர்லாந்தில் ஒரு லாட்டரி அஞ்சல் குறியீட்டுக்கே பரிசு தருகிறது: ஒரு குறியீடு விழுந்தால் அங்கே சீட்டு வைத்திருந்த எல்லோருக்கும் பணம், ஒருவருக்கு பிஎம்டபிள்யூ கார். அந்தத் தெருவில் சீட்டே வாங்காதவர்களைப் போய்ப் பார்த்தார்கள். அவர்களிடையே புதுக் கார் வாங்கியவர்கள் மற்ற இடங்களைவிட அதிகமாக இருந்தார்கள். பரிசு விழவில்லை, வருமானம் கூடவில்லை, பக்கத்து வாசலில் புதுக் கார் நின்றது, அவ்வளவே.

கனடாவில் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஓர் அஞ்சல் குறியீட்டுக்குள் வருவது மிகச் சில வீடுகள்தான். அகர்வால், மிகேட், ஷோல்னிக் என்ற மூவர் லாட்டரிப் பரிசு விழுந்த வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் திவால் மனு கொடுத்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். பரிசுத் தொகை பெரிதாகப் பெரிதாக அக்கம்பக்கத்தில் திவாலாகிறவர்களும் கூடினார்கள். அந்தத் திவாலானவர்களின் சொத்துப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் வீடு, கார், மோட்டார் சைக்கிள் மாதிரி தெருவில் நிற்பவருக்குத் தெரியும் சொத்துகள் வீங்கியிருந்தன. ரொக்கம், ஓய்வூதியச் சேமிப்பு மாதிரி வெளியே தெரியாதவற்றில் அந்த வீக்கம் இல்லை. லாட்டரி விழுந்தவர் சந்தோஷமாக இருந்தாரா என்பது வேறு கதை, அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் நடுத்தெருவுக்கு வந்தார் என்பதுதான் இதில் விஷயம்.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பொருளின் விலையை மட்டும் சொல்லித் திட்டுவார்கள், "எழுபதாயிரத்துக்குப் போன் எதற்கு?" என்று. உண்மையான விலை அங்கே இல்லை. கண்ணுக்குத் தெரியும் செலவு, கண்ணுக்குத் தெரியாத செலவிலிருந்து திருடப்படுகிறது. மண்டபம், பந்தல், பேனர், கார் ஆகியவற்றில் கை வைக்க முடியாது, ஊர் பார்க்கும். மருத்துவக் காப்பீடு, அவசரத்துக்கு வைத்திருக்கும் வைப்புத்தொகை, பல் வலிக்குப் போகவேண்டிய டாக்டர், வீட்டுப் பெண்களின் சாப்பாட்டில் பால், முட்டை, பழம் ஆகியவற்றில் கை வைக்கலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். வெப்ளனே இதைச் சொல்லியிருக்கிறார்: வெளியே தெரியும் வாழ்க்கையின் பளபளப்போடு ஒப்பிட்டால் பெரும்பாலான வீடுகளின் உள்வாழ்க்கை சோர்ந்து போய்த்தான் கிடக்கிறது, அதனால்தான் மனிதர்கள் வீட்டுக்குள் யாரையும் சுலபமாக விடுவதில்லை என்று.

இப்போது வட்டிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏக்கத்துக்கு விலை போடும் இடமே இதுதான்.

கல்யாணத்துக்கு 5 லட்சம் தனிநபர் கடன், வட்டி 14 சதவீதம், ஐந்து வருடம். மாதத் தவணை சுமார் 11,630 ரூபாய் வரும். அறுபது மாதம் கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போனது கிட்டத்தட்ட 6,98,000. அதாவது ஒரே நாளில் முடிந்த விருந்தின் விலை கிட்டத்தட்ட இரண்டு லட்சம் கூடியிருக்கிறது, பிறந்த குழந்தை எல்கேஜி போகும் வயதிலும் கல்யாணத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் வங்கிக் கடன் என்பதால் இது இருப்பதில் நல்ல கணக்கு. வங்கி தராதவர்கள் போகும் இடத்தில் வட்டியை வருடத்துக்குச் சொல்ல மாட்டார்கள், "மூணு வட்டி" என்பார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். கேட்கச் சின்னதாக இருக்கிறது, வருடத்துக்கு 36 சதவீதம். ஒரு லட்சம் வாங்கி மாதாமாதம் 3,000 வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், மூன்று வருடத்தில் 1,08,000 கட்டியிருப்பீர்கள், அசல் ஒரு லட்சம் அசையாமல் நிற்கும். இதற்கும் மேலே மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று போகிறது. 2003-ல் தமிழ்நாடு அரசு கந்து வட்டிக்குத் தடைச் சட்டம் போட்டது. சட்டம் இருக்கிறது, வட்டியும் இருக்கிறது.

வண்டி, டிவி வாங்கும்போது வேறு ஒரு வித்தை. "பத்து சதவீதம்தான் சார், ஃபிளாட்." ஒரு லட்சத்துக்கு வருடம் பத்தாயிரம், இரண்டு வருடத்துக்கு இருபதாயிரம், மொத்தம் 1,20,000-ஐ 24-ஆல் வகுத்து மாதம் 5,000 என்று சொல்வார்கள். நேர்மையாகத்தான் தெரியும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், கடைசி மாதங்களில் உங்கள் கையில் இருப்பது அந்த ஒரு லட்சத்தில் சில ஆயிரம்தான், வட்டி மட்டும் முழு ஒரு லட்சத்துக்கும் போகிறது. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் அது சுமார் 18 சதவீதம். கடன் வாங்கும்போது கேட்கவேண்டிய ஒரே கேள்வி, ஃபிளாட்டா, குறைந்துவரும் நிலுவைக்கா என்பதுதான்.

கிரெடிட் கார்டு இன்னும் மோசம். 60,000 ரூபாய் நிலுவை, மாத வட்டி 3.5 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் குறைந்தபட்சமாக 3,000 கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். அதில் வட்டி 2,100, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378. கடனில் குறைந்தது வெறும் 522 ரூபாய். வட்டியே இல்லாத தவணை என்று விளம்பரம் செய்வதையும் அப்படியே நம்பக்கூடாது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. பெரும்பாலும் வட்டியைத் தள்ளுபடி என்ற பெயரில் விலையில் கழிக்கிறார்கள், வட்டி மேல் விழும் ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான்.

தங்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தங்கம் வாங்குவது எல்லாமே வீண் பகட்டு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலம், வீடு எல்லாம் ஆண்கள் பெயரில் இருக்கிற குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு உண்மையாகவே சொந்தமாக இருக்கிற சொத்து அவள் கழுத்தில் கிடப்பது மட்டும்தான், ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் பணம் வேண்டுமென்றால் அதுதான் உதவும். ஆனால் நகைக் கடை பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு லட்சம் மதிப்புள்ள தங்கத்துக்கு 12 சதவீதம் சேதாரம் போட்டால் 12,000. மொத்தத்துக்கும் 3 சதவீத ஜிஎஸ்டி 3,360. நீங்கள் கொடுப்பது 1,15,360. வேலைப்பாடு கூடிய கோயில் நகை, ஆன்டிக் என்று போனால் சேதாரம் இன்னும் ஏறும். நாளைக்கே திருப்பிக் கொண்டுபோனால் தங்கத்துக்குத்தான் விலை, சேதாரம் போனது போனதுதான். வரியை விட்டுவிட்டால் தங்கத்தின் விலை சேமிப்பு, சேதாரம் பகட்டு, இரண்டையும் ஒரே பில்லில் கட்டுகிறோம்.

அந்த நகை பல வீடுகளில் என்ன ஆகிறது என்றால், கல்யாணக் கடனை அடைக்க அதுவே அடகுக்குப் போகிறது. அடுத்த விசேஷத்துக்குச் சிதம்பரம் கவரிங் கழுத்தில் ஏறுகிறது. மூன்றடி தள்ளி நிற்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஊர் கண்ணுக்குக் காட்டுவதற்குத்தான் என்றால் அந்த வேலையைக் கவரிங் முதல் நாளிலேயே செய்திருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் ஏன் ஜனங்கள் இப்படிச் செய்கிறார்கள், புத்தி இல்லையா என்று கேட்கத் தோன்றும். புத்தி இருக்கிறது. 1776-லேயே ஆடம் ஸ்மித் இதற்குப் பதில் எழுதிவிட்டார். பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் லினன் சட்டை இல்லாமல் சௌகரியமாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலித் தொழிலாளிகூட லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான், அதனால் அது அவனுக்கு அத்தியாவசியம்தான் என்றார். அவமானம் கற்பனை இல்லை, அதற்கு நிஜமான விளைவுகள் உண்டு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தாலும், கொண்டுவந்த பவுனை வைத்து மருமகளை நடத்துகிற மாமியார் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுக்குப் பெண்ணை அனுப்பும் அப்பாவிடம் "வெப்ளன் என்ன சொல்கிறார் என்றால்" என்று ஆரம்பித்தால் அவர் நம்மை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் வாங்குவது பாதி பகட்டு, பாதி பாதுகாப்பு. போட்டியிலிருந்து ஒரு குடும்பம் மட்டும் தனியாக விலகினால் அந்த விலையை அந்த வீட்டுப் பெண்தான் கொடுக்க நேரும்.

எல்லோரையும் ஒரே நேரத்தில் விலக வைக்கச் சட்டம் போட்டும் பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் போர்க்காலத்தில். கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபலிடம் பெரிய தோல்வி கண்ட ரோம் கி.மு. 215-ல் பெண்கள் அரை அவுன்சுக்கு மேல் தங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது, பலவண்ண உடை உடுத்தக் கூடாது என்றது. போர் முடிந்த பிறகும் சட்டம் நீடிக்கவே, கி.மு. 195-ல் பெண்கள் தெருவில் திரண்டு அதை ரத்து செய்ய வைத்தார்கள். இந்தியாவில் சீனப் போருக்குப் பிறகு 1963-ல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய், புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்று விதி கொண்டுவந்தார். பொற்கொல்லர்கள் பிழைப்பு போனது, கள்ளச்சந்தை வளர்ந்தது, ஜனங்களின் தங்க ஆசை அப்படியே இருந்தது. அந்த 14 காரட் கட்டுப்பாடு 1966-ல் போனது, பின்னால் 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-ல் ரத்தானது.

சட்டத்தைவிட நன்றாக வேலை செய்தது, ஒரு கூட்டமே சேர்ந்து வழக்கத்தை மாற்றிக்கொண்ட முயற்சிதான். 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்ததிலிருந்து சுயமரியாதைத் திருமணங்கள் பரவின. புரோகிதர் வேண்டாம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, செலவு வேண்டாம், கடன் வேண்டாம் என்று அவர் அதே அளவு அழுத்திச் சொன்னது பலருக்கு மறந்துவிட்டது. சின்னச் செலவில் கல்யாணம் செய்வது அங்கே வறுமையின் அடையாளமாக இல்லாமல் கொள்கையின் அடையாளமாக இருந்தது, அதனால் யாரும் தலைகுனியவில்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. இன்றைக்குப் புரோகிதர் இல்லாத கல்யாணங்களும் ஏசி மண்டபத்தில், வாசலில் இருபதடி பேனரோடு நடக்கின்றன என்பது தனி வருத்தம்.

பங்காளிகளில் நாலைந்து குடும்பம் உட்கார்ந்து பேசினாலே கொஞ்சம் மாறும். சீர்த்தட்டுகளை மண்டபத்தில் வரிசையாகப் பரப்பி எண்ண விடுவதில்லை, போடும் தங்கத்தில் பாதியை நாணயமாக வாங்கிப் பெண்ணின் பெயரில் லாக்கரில் வைத்துவிடுவது, சேதாரத்தில் மிச்சமாகும் பணத்தை அவள் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போடுவது என்று நடைமுறையில் செய்யக்கூடிய சங்கதிகள் இருக்கின்றன. அந்தப் பேச்சை முதலில் எடுப்பது யார் என்பதில்தான் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.